கார்பனேட் கற்றல் பெட்டி: கருவிகளுக்காக வாங்கலாம், கையேட்டை நம்பி வாங்க வேண்டாம்

சுண்ணாம்புக்கல், பவளம், தடப்படிவம் (பண்டை உயிர்கள் விட்டுப்போன வளை, துளை, சுவடு) மூன்றையும் ஒரே பெட்டியில் அடைத்து, பண்டைக் கடலைப் படிக்கலாம் என்று சொல்லி விற்கும் கற்றல் பெட்டிகள் பல பெயர்களில் வருகின்றன. மூடியில் இருக்கும் படம்தான் மாறும். உள்ளே ஏறக்குறைய ஒரே சரக்கு: பத்துப் பதினைந்து கல் துண்டுகள், இரண்டு ரெசின் வார்ப்புகள், ஒரு கைலென்ஸ், அமிலத்துக்கு ஒரு சொட்டுக் குப்பி, அலிசரின் ரெட் எஸ் சாயப்பொடி, பொட்டாசியம் பெர்ரிசயனைடு, மூன்று தரத்தில் சிலிக்கான் கார்பைடு பொடி, ஒரு கண்ணாடித் தகடு, அசிடேட் தாள்கள், வகைப்பாட்டு அட்டை, ஒரு கையேடு. அசிட்டோனும் அமிலமும் தபாலில் அனுப்ப முடியாதவை என்பதால் அவற்றை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

பெட்டியில் காசுக்குப் பெறுமானமுள்ளவை சாயப்பொடிகளும் அசிடேட் தாளும். கல் துண்டுகள் பரவாயில்லை. தடப்படிவப் பகுதி மோசம். கையேடு அதைவிட மோசம்.

லென்ஸிலிருந்து தொடங்கலாம். உறையில் "30x" என்று அச்சிட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு லென்ஸின் உருப்பெருக்கம் ஏறத்தாழ 250-ஐ அதன் குவியத் தூரத்தால் (மி.மீ.) வகுத்தால் வருவது. 10 மடங்கு லென்ஸ் கல்லிலிருந்து 25 மி.மீ. தூரத்தில் தெளிவு காட்டும். 30 மடங்கு என்றால் 8 மி.மீ. வரை நெருங்க வேண்டும். லென்ஸின் விட்டமும் சின்னதாகத்தான் இருக்க முடியும். 21 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடி, கல்லிலிருந்து இரண்டரை சென்டிமீட்டரில் தெளிகிறது என்றால் அது 10 மடங்குதான், உறை என்ன சொன்னாலும். அதனால் நஷ்டமில்லை, கார்பனேட் வேலைக்கு, அதாவது சுண்ணாம்புக்கல் வகைப் பாறைகளைப் படிக்க, 10 மடங்கே போதும். பார்க்க வேண்டியது ஓரத்தில் நிறம் சிதறுகிறதா என்பது. மூன்று கண்ணாடி ஒட்டிய டிரிப்லெட் வகையென்றால் ஒரு கோட்டுத்தாளைப் பார்த்தாலே தெரியும்: விளிம்பு வரை கோடுகள் நேராக, நிறக்கறை இல்லாமல் நிற்கும்.

சொட்டுக் குப்பியில் "10% ஹைட்ரோகுளோரிக் அமிலம்" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எந்தக் கணக்கில் 10 என்று சொல்லவில்லை. கடையில் கிடைக்கும் அடர் அமிலம் ஏறத்தாழ 37 சதவீதம். அதில் 1 பங்கை 9 பங்கு நீரில் விட்டால் களத்தில் பலரும் "பத்து சதவீதம்" என்று சொல்லும் கரைசல் கிடைக்கும். எடைக்கணக்கில் அது 4 சதவீதத்தை ஒட்டியது. எடைக்கணக்கிலேயே 10 வேண்டுமென்றால் 1 பங்குக்கு 3 பங்கு நீர் போதும். இது வெறும் கணக்கு வழக்கு இல்லை. சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட் இரண்டிலும் பொங்கும். மெக்னீசியமும் கலந்த கார்பனேட்டான டோலோமைட் நீர்த்த அமிலத்தில் சும்மா கிடக்கும். கத்தியால் கீறிப் பொடியாக்கினால்தான் மெல்லக் குமிழியிடும். அமிலம் அடர்த்தியாகவோ வெதுவெதுப்பாகவோ இருந்தால் டோலோமைட்டும் பொங்கிவிடும், அதைச் சுண்ணாம்புக்கல் என்று எழுதி வைத்துவிடுவோம். ஆகவே 1-க்கு 9. நீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் நீரை அல்ல. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

பெட்டியின் பஞ்சுக் குழியில் அமிலக் குப்பிக்கு இடம் லென்ஸுக்குப் பக்கத்திலேயே வெட்டியிருக்கிறார்கள். இதை வடிவமைத்தவர் அமிலத்தை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை போலும். மூடி எவ்வளவு இறுக்கினாலும் ஆவி கசியும். லென்ஸின் கீல் துருப்பிடிக்கும், லேபிள்கள் உதிரும், மூடிவைத்த பெட்டிக்குள் கல் துண்டுகளின் மேற்பரப்பே மங்கும். நிரப்பிய குப்பியைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், சமையல் சோடாவைத் தூவி வையுங்கள்.

இனி அசிடேட் உரி. மெல்வெட்டு (ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்கிய கல் சீவல்) தயாரிக்க அறுவை இயந்திரமும் நுண்ணோக்கியும் தேவை. உரிக்கு ஒரு தட்டையான கல் முகம் போதும். கல்லை மெருகேற்றி, அமிலத்தால் லேசாக அரித்து, அசிட்டோன் ஊற்றி, அதன்மேல் அசிடேட் தாளைப் படியவிட்டால், இளகிய தாள் கல்லின் நுண்மேடு பள்ளங்களை அச்செடுத்துக்கொள்ளும். காய்ந்தபின் உரித்து இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்தால் ஊயிட்டின் (அடுக்கடுக்காகக் கார்பனேட் படிந்த சிறு உருண்டை மணி) வளையங்கள், பவளத்தின் தடுப்புச் சுவர்கள், ஓட்டுத் துண்டின் அடுக்குகள் எல்லாம் லென்ஸிலேயே தெரியும்.

பெட்டியில் 220, 400, 600 தரப் பொடிகள் இருக்கின்றன. கண்ணாடித் தகட்டில் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான பொடி, கொஞ்சம் நீர், எட்டு வடிவில் தேய்ப்பு. 220-இல் அறுவைக் கோடுகள் முழுதாக மறையும் வரை; மற்ற இரண்டிலும் ஐந்து முதல் பத்து நிமிடம். கெடுவது பெரும்பாலும் தர மாற்றத்தின்போதுதான். 220-இன் ஒரு துகள் 600-க்குள் போய்விட்டால் உரியில் நீளக் கீறல்களாக விழும், அதைப் படிக நரம்பு என்று நினைப்பவர்கள் உண்டு. கல்லையும் கையையும் தகட்டையும் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். தகட்டின் ஒரு முகத்தை 220-க்கும் மறு முகத்தை மற்றவற்றுக்கும் ஒதுக்கலாம். நுண்சேறு இறுகிய மிக்ரைட் கல்லுக்கு 1000 தரமும் வேண்டும், அது பெட்டியில் இல்லை.

அரிப்புக்குக் கையேடு ஒரு நிமிடம் சொல்கிறது. 1-க்கு 9 அமிலத்தில் சுண்ணாம்புக்கல்லை ஒரு நிமிடம் வைத்தால் மேடு பள்ளம் அளவுக்கு மீறிவிடும். தாள் பள்ளத்துக்குள் மாட்டிக் கிழியும், ஆழமான இடங்களில் காற்று தங்கும். 10 முதல் 15 விநாடி போதும். முகத்தை மேல்நோக்கிப் பிடித்தால் குமிழிகள் மேலெழுந்து போய்விடும். கவிழ்த்து வைத்தால் குமிழிகள் ஒட்டிக்கொண்டு வட்டவட்டமாக அரிக்காத திட்டுகளை விடும். பிறகு வாலை வடிநீரில் அலசி, துடைக்காமல், தானாகக் காய விடுங்கள். அரித்த முகத்தைத் தொட்டால் விரல் ரேகையும் உரியில் வந்துவிடும்.

கல்லை மணல் தட்டிலோ களிமண்ணிலோ முகம் சமமட்டமாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் சற்று உயர்த்துங்கள். அசிட்டோனை ஊற்றியதும் தாளின் ஒரு விளிம்பைத் தாழ்ந்த ஓரத்தில் வைத்து, அசிட்டோன் அலை முன்னால் ஓடும்படி தாளை மெதுவாகச் சாய்த்துவிட வேண்டும். மேலிருந்து தட்டையாகப் போட்டால் காற்று சிறைப்படும். விழுந்த தாளை நகர்த்தவோ அழுத்தவோ கூடாது. துளைகள் நிறைந்த பவளக் கல்லில் அசிட்டோன் நொடியில் உறிஞ்சப்பட்டுவிடும். முதலில் ஒரு முறை ஊற்றி நனைத்துவிட்டு, மறுபடி ஊற்றித் தாளைப் போடுங்கள்.

காய ஐந்து நிமிடம் என்கிறது கையேடு. குறைந்தது இருபது, முப்பது நிமிடம். துளையுள்ள கல்லென்றால் ஒரு இரவு. அவசரப்பட்டு உரித்தால் தாள் இழுபட்டு அளவெல்லாம் பொய்யாகும். உரியில் பால்போல் வெண்மை படர்ந்தால் காற்றின் ஈரம்தான் காரணம்: அசிட்டோன் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து நீர் படிகிறது. ஈரமான நாளில் இந்த வேலையை ஒத்திப்போடுவதே நல்லது. காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் தீ கூடாது.

தாள்கள் தீர்ந்தபின் மாற்றுத் தாள் வாங்கும்போது கவனம்: செல்லுலோஸ் அசிடேட்டாக இருக்க வேண்டும். ஒளிப்பட வீழ்த்திக்கு விற்கும் ஊடுகாண் தாள்களில் பல பாலியெஸ்டர், அசிட்டோனுக்கு அசையாது. ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், இளகி ஒட்டினால் சரி.

சாயம்தான் பெட்டியின் உச்சம். 15 மி.லி. அடர் அமிலத்தை நீர்த்து 1 லிட்டராக்கிக்கொள்ளுங்கள். அதில் 100 மி.லி.க்கு 0.2 கிராம் அலிசரின் ஒரு கரைசல். இன்னொரு 100 மி.லி.க்கு 2 கிராம் பெர்ரிசயனைடு இரண்டாம் கரைசல். முதலாவதில் 3 பங்கும் இரண்டாவதில் 2 பங்கும் கலந்து, அரித்த கல்லை 30 முதல் 45 விநாடி அமிழ்த்தி, பிறகு அலிசரின் கரைசலில் மட்டும் 10 முதல் 15 விநாடி. டிக்சன் என்ற புவியியலாளர் 1960-களில் வகுத்த முறை இது, இன்றும் இதுவே நடைமுறை. சாதாரணக் கால்சைட் இளஞ்சிவப்பு முதல் சிவப்பு வரை போகும். இரும்பு கலந்த கால்சைட் ஊதா, நீலம். டோலோமைட் நிறமேறாது. இரும்புள்ள டோலோமைட் பசுநீலமாகும். சாயமேற்றிய முகத்தில் எடுக்கும் உரியில் நிறமும் சேர்ந்தே வரும்.

பெர்ரிசயனைடு கரைசல் நாள்பட்டால் கெட்டு, எல்லாவற்றையும் பச்சை நீலமாகக் காட்டும், அன்றன்று கலக்குங்கள். சூடாக்குவதும் அடர் அமிலத்தைச் சேர்ப்பதும் கூடவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். கையேட்டில் இந்த எச்சரிக்கை கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில் இருக்கிறது. லென்ஸ் கொடுத்தது அதற்குத்தானோ என்னவோ.

கையேட்டின் இன்னொரு பிழை: அலிசரின் அரகோனைட்டையும் (கால்சைட்டின் அதே வேதிப்பொருள், வேறு படிக அமைப்பு) கால்சைட்டையும் பிரிக்கும் என்கிறது. பிரிக்காது, இரண்டும் சிவக்கும். அரகோனைட்டைக் கறுப்பாக்கிக் காட்டுவது ஃபைகல் கரைசல். அது பெட்டியில் இல்லை. பவளத்தில் இந்த வேறுபாடு முக்கியம். நடு டிரயாசிக் காலத்திலிருந்து இன்றுவரை வாழும் ஸ்கிளிராக்டினியாப் பவளங்கள் அரகோனைட்டால் கூடு கட்டுபவை. அது நிலையற்றது, காலப்போக்கில் கரைந்து வெற்று அச்சாகிவிடும் அல்லது கரடுமுரடான கால்சைட் படிகமாக மாறிவிடும். அதற்கும் முந்தைய ஆர்டோவிசியன் காலத்திலிருந்து பெர்மியன் முடிவு வரை வாழ்ந்த ருகோசா, டாபுலேட்டா வகைகள் கால்சைட்டால் கட்டின. அதனால், மிகவும் இளைய பவளத்தைவிட இவற்றில் நுண்ணமைப்பு நன்றாக நிலைத்திருக்கும். பெட்டியில் உள்ள டெவோனியன் காலத்துக் கொம்புப் பவளத்தையும் (ருகோசா வகை) வயதில் இளைய கிளைப் பவளப் புதைபடிவத்தையும் அடுத்தடுத்து உரி எடுத்தால் இந்த முரண் பளிச்சென்று தெரியும். கொம்புப் பவளத்தில் சுவர்கள் கூராக நிற்கும். இளையதில் சுவர் இருந்த இடம் முழுக்கச் சர்க்கரைக் கட்டிபோல் படிகங்கள். கையேடோ இரண்டாவதை "சேதமடைந்த மாதிரி" என்று ஒதுக்குகிறது.

ஊயிட் கல்லும் ஸ்ட்ரோமட்டோலைட் (நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகக் கட்டிய கல்) துண்டும் நன்றாகவே இருக்கின்றன. ஊயிட்டுக்கு 2 மி.மீ. மேல்வரம்பு, அதற்கு மேல் பிசாயிட் என்பதை அளவு அட்டை குறித்திருக்கலாம். கொடுத்திருப்பது மணற்கல்லுக்கான அட்டை. வகைப்பாட்டு அட்டை, மணியும் சேறும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதைக் கொண்டு டன்ஹாம் 1962-இல் வகுத்தது மட்டும்: மட்ஸ்டோன், வாக்ஸ்டோன், பாக்ஸ்டோன், கிரெயின்ஸ்டோன், பவுண்ட்ஸ்டோன். பவளத்திட்டுக் கல்லுக்கு இது போதாது. எம்ப்ரியும் குளோவனும் 1971-இல் சேர்த்த ஃப்ளோட்ஸ்டோன், ரட்ஸ்டோன், பாஃபிள்ஸ்டோன், பைண்ட்ஸ்டோன், ஃபிரேம்ஸ்டோன் இல்லாமல், நின்ற நிலையிலேயே புதைந்த பவளச் சட்டகத்தையும் அலையில் உடைந்து குவிந்த பவளச் சிதறலையும் பிரித்துப் பெயரிட முடியாது. ஒரு பென்சிலால் அட்டையின் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது தடப்படிவங்கள். உயிரின் உடல் இல்லாமல், அது தோண்டிய வளை, குடைந்த துளை, ஊர்ந்த சுவடு மட்டும் எஞ்சுவதே தடப்படிவம். அதைப் படிக்க முதலில் வேண்டியது எது மேல், எது கீழ் என்பது. பெட்டியில் உள்ள எந்தத் துண்டிலும் மேல்நோக்கிய அம்புக்குறி இல்லை. ஸ்ட்ரோமட்டோலைட்டுக்குக் குறியில்லாவிட்டாலும் குவிந்த பக்கம் மேல் என்று ஊகிக்கலாம். வளை கொண்ட துண்டைத் தலைகீழாகப் பிடித்தால் எல்லாமே தப்பு. ஒரே மீட்பு, கல்லில் ஓட்டுக் குழியோ பவளக் குழியோ பாதி சேறும் பாதி படிகமுமாக நிரம்பியிருக்கிறதா என்று தேடுவது. சேறு படிந்த பக்கம் கீழ், ஸ்பார் எனும் தெளிந்த கால்சைட் படிகம் மேல். இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு அன்றைய சமமட்டம்.

ரெசின் வார்ப்புகளில் ஒன்று தலாசினாய்டீஸ், Y வடிவக் கிளைகள், சந்திப்பில் சற்றே பருத்த வளை வலை. வார்ப்பு அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு படுகையின் மேல்முகத்தை மட்டும்தான் காட்டுகிறது. இந்த வலை மூன்று திசையிலும் ஓடுவது. குறுக்கு வெட்டில் வெறும் வட்டங்களாகத் தெரியும், களத்தில் நாம் பார்ப்பதும் பெரும்பாலும் அதைத்தான். மற்றொன்று ஸ்கோலித்தோஸ், செங்குத்துக் குழாய்கள். மூலம் குவார்ட்சைட் எனும் சிலிக்காப் பாறை, கார்பனேட் பெட்டியில் அதற்கு என்ன வேலை?

"டிரிப்பனைட்டீஸ்" (இறுகிய பாறையில் குடைந்த துளை) என்று லேபிள் ஒட்டிய துண்டு அடிக்கடி டிரிப்பனைட்டீஸாக இருப்பதில்லை. சோதனை எளிது. இளகிய சேற்றில் தோண்டிய வளை, வழியில் வரும் ஓட்டையோ மணியையோ ஒதுக்கிவிட்டுப் போகும். இறுகிய பாறையில் குடைந்த துளை, ஊயிட், ஓடு, சிமென்ட் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வெட்டிக்கொண்டு போகும். மெருகேற்றி உரி எடுத்து, துளையின் ஓரத்தில் பாதியாக அறுபட்ட மணிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது துளை. அப்படியானால் அந்தக் கடல்தரை அப்போதே கல்லாகியிருந்தது, படிவு நின்றுபோய்க் காலம் கழிந்திருக்கிறது. ஒரு சிறு துண்டு இத்தனை சொல்லும், ஆனால் லேபிள் சரியாக இருக்க வேண்டும்.

கையேட்டு விளக்கப்படம் தடப்படிவக் குழுக்களைக் (ஒரே வகைச் சூழலில் சேர்ந்து வரும் தடங்கள்) கரையிலிருந்து ஆழ்கடல் வரை படிக்கட்டுபோல் அடுக்கி, ஆழமானியாகக் காட்டுகிறது. தொல்லுயிரியலாளர் சைலாக்கர் 1960-களில் இந்தக் குழுக்களை வகுத்தபோது ஆழம் ஒரு முக்கியச் சரடு என்பது உண்மை. ஆனால் டிரிப்பனைட்டீஸ் குழு இறுகிய பாறைத் தரையையும், குளோசிஃபங்கைட்டீஸ் குழு கெட்டிப்பட்டும் கல்லாகாத தரையையும் சொல்பவை, ஆழத்தை அல்ல. அவற்றை மீட்டர் கணக்கில் படித்தால் பவளத்திட்டின் உச்சியைக் கொண்டுபோய் எங்கோ வைப்போம்.

இந்தப் பெட்டியின் ஆகச் சிறந்த தடப்படிவம் "பவளம்" என்ற அறையில் கிடக்கிறது. புதிய பவளத் துண்டைத் திருப்பிப் பாருங்கள்: குறுகிய கழுத்தும் பருத்த அடியுமாகக் குடுவை வடிவத் துளைகள் இருந்தால் அது இருவோட்டுச் சிப்பியின் வேலை, படிவமானால் பெயர் காஸ்ட்ரோகீனோலைட்டீஸ். சிறு ஓட்டைகள் புள்ளிபுள்ளியாக, உள்ளே அறைகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் குடையும் கடற்பஞ்சு, அதன் தடம் என்டோபியா. கடற்பஞ்சு பவளத்தைச் சில பத்து மைக்ரான் அளவுச் சில்லுகளாகச் செதுக்கித் தள்ளுகிறது. பவளத்திட்டைச் சுற்றியுள்ள நுண்சேற்றில் அதற்கும் பங்குண்டு. துண்டை நெடுக்காக அறுத்து உரி எடுத்தால் கட்டியவரும் இடித்தவரும் ஒரே சட்டத்தில் நிற்பார்கள். கையேடு இதைப்பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

இன்னொரு சோதனையையும் தவறவிட்டிருக்கிறார்கள். புள்ளிபுள்ளியாகத் திட்டுகள் உள்ள சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்று சில பெட்டிகளில் வருகிறது. கனடாவின் மானிடோபாவில் வெட்டியெடுக்கும் டிண்டால் கல் இந்த வகையில் புகழ்பெற்றது. ஆர்டோவிசியன் காலத்து வளைகளைச் சுற்றி டோலோமைட் வளர்ந்ததால் வந்த திட்டுகள் அவை. இப்படியான கல்லில் அலிசரினை மட்டும் ஏற்றுங்கள். சுற்றியுள்ள கால்சைட் சிவக்க, வளைவழிகள் மட்டும் வெளிறி நின்று கிளைகளோடு எழும்பும். வெறும் கண்ணுக்கு மங்கலாக இருந்த வளை அரை நிமிடத்தில் வரைபடமாகிவிடும். திட்டுகளும் சேர்ந்து சிவந்தால் அது டோலோமைட் அல்ல, வேறு காரணம் தேட வேண்டும்.

எல்லாச் சுண்ணாம்புக்கல்லுக்கும் "வெப்பமான, ஆழமற்ற கடல்" என்று கையேடு முத்திரை குத்துவதையும் அடித்துவிடுங்கள். பிரயோசோவா எனும் கூட்டமாக வாழும் சிற்றுயிர்களின் கூடுகளும் சிப்பி ஓடுகளும் நிறைந்து, பவளமும் ஊயிட்டும் இல்லாத சுண்ணாம்புக்கல் குளிர்ந்த நீரிலும் உருவாகும். பவளத்திட்டு என்றாலே வெயில் படும் நீர் என்றும் சொல்ல முடியாது: நார்வேக்கு அப்பால் 2002-இல் கண்டறியப்பட்ட ரோஸ்ட் திட்டு 300 முதல் 400 மீட்டர் ஆழத்தில், ஒளிச்சேர்க்கைப் பாசியின் துணையின்றி வளர்ந்தது.

வாங்குமுன் விற்பவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். தடப்படிவத் துண்டுகளில் மேல்நோக்கு அம்பு இட்டிருக்கிறதா? துண்டுகளில் குறைந்தது ஒரு முகமாவது அறுத்துத் தட்டையாக்கப்பட்டதா? உருண்டைக் கல்லைக் கையால் தேய்த்து முகம் எடுப்பது மணிக்கணக்கான வேலை, தரும் பொடியும் அதிலேயே தீர்ந்துவிடும். மூன்றாவது, பவளம் புதைபடிவமா, அண்மையில் கடலிலிருந்து எடுத்ததா? கல் பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. புதைபடிவங்களுக்கு அதில் விலக்கு உண்டு, அண்மைக்காலப் பவளத்துக்கு இல்லை. எல்லை தாண்டி வரும் பெட்டியில் வெள்ளை வெளேரென்று வெளுத்த பவளம் இருந்து, அனுமதித் தாள் இல்லையென்றால், சுங்கத்தில் பெட்டியே நின்றுவிடும்.